நூலும் விதையும்: சரித்திரத்திற்கு முற்பட்ட காலம் பற்றி ஒரு பாடம்

கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என மனித குலத்தின் பழமையை மூன்றாகப் பகுத்துப் படிப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இப்பகுப்பை வகுத்தவர், டென்மார்க் தேசத்துக் கோபன்ஹேகன் நகரில் பழம்பொருட் காட்சிசாலையின் பொறுப்பை ஏற்றிருந்த கிறிஸ்டியன் தாம்சன் என்பவர். இதனை விளக்கும் வழிகாட்டி நூல் 1836-ல் வெளிவந்தது. வந்து குவிந்த பொருள்களை எந்த வரிசையில் அடுக்கிவைப்பது என்பதே அவருக்கு எழுந்த கேள்வி. கல்லும் உலோகமும் அவர் கண்முன் கிடந்தன; அவற்றைக் கொண்டே காலத்தைப் பிரித்தார். அதில் குறைகூற இடமில்லை. ஆயினும் கல் நிலைத்து நிற்கும், நூல் மட்கிப்போகும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கோடரி அகப்படும், அதைக் காம்போடு பிணைத்த கயிறு அகப்படாது. அரிவாளின் கல் அலகு அகப்படும். அது அறுத்த கதிர் அகப்படாது. ஆகையால் நூற்றவர், நெய்தவர், விதைத்தவர் ஆகியோரின் உழைப்பு பல்லாயிரம் ஆண்டுக் கணக்கிலிருந்து ஏறக்குறைய விடுபட்டே போயிற்று.

சென்ற ஐம்பது அறுபது ஆண்டுகளில் இந்நிலை மாறியிருக்கிறது. நுண்ணோக்கிக் கருவிகளும், கருகிய தானியத்தை மண்ணிலிருந்து தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிரித்தெடுக்கும் முறையும், உயிரினங்களின் மரபுக்கூறுகளை ஒப்பிடும் ஆராய்ச்சியும் சேர்ந்து, காணாமற்போனவை என்று கருதியவற்றை நமக்கு மீட்டுத் தருகின்றன. நம் அங்கத்தினரில் தறியில் அமர்பவர்களும் உண்டு. வயலில் இறங்குபவர்களும் உண்டு. ஆதலால் ஆதி மூதாதையர் தொடங்கி முதல் நகரங்கள் வரையுள்ள நெடுங்கதையை, நூலையும் விதையையும் பின்பற்றியே இம்மாதப் பாடத்தில் சொல்லிப் பார்க்கிறோம்.

தொடக்கத்தை விரைவாகக் கடந்துவிடலாம். ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டு லாயிட்டோலி என்னுமிடத்தில், எரிமலைச் சாம்பலின் மீது இரு கால்களால் நடந்து சென்றவர்களின் சுவடுகள் 1978-ல் வெளிப்பட்டன. அவற்றின் வயது ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகள். எத்தியோப்பியாவில் 1974-ல் கிடைத்த எலும்புக்கூட்டுக்கு ஆராய்ச்சியாளர் 'லூசி' என்று பெயரிட்டனர். அவள் வாழ்ந்தது சுமார் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அவள் மூளை சிறியது. ஆயினும் அவள் நிமிர்ந்து நடந்தாள். நிமிர்ந்த நடையால் கைகள் விடுதலை பெற்றன. கென்யாவின் லோமெக்வியில் கிடைத்த கற்கருவிகள் 33 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை.

இக்கதையில் தமிழ் மண்ணுக்கும் இடம் உண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-ல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சி அன்றுதான் தொடங்கிற்று. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-ல் வெளியான ஆய்வு காட்டிற்று. அவற்றைச் செய்தவர்கள் நம் இனத்தார் அல்லர். நமக்கு மிக முற்பட்ட மனித வகையினர். நம் இனத்தாரின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோ நாட்டு ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள்.

முப்புரி நூல்

மனிதன் எப்பொழுது ஆடை உடுத்தத் தொடங்கினான்? ஆடை மட்கிவிட்டது, சாட்சி சொல்ல ஒரு பேன் எஞ்சியிருக்கிறது. தலையில் வாழும் பேன் வேறு. உடுத்திய துணியின் மடிப்பில் வாழும் பேன் வேறு. இரண்டாவதைச் சீலைப்பேன் என்று தமிழில் வெகு பொருத்தமாகச் சொல்கிறோம். உடுக்கும் பழக்கம் இல்லாவிடில் அதற்கு வாழ இடமில்லை. ஆகவே தலைப்பேனிலிருந்து சீலைப்பேன் என்று பிரிந்தது எனக் கண்டால், உடையின் வயது தெரிந்துவிடும். இரண்டின் மரபுக்கூறுகளையும் ஒப்பிட்டு 2011-ல் வெளியிட்ட கணக்கின்படி, அந்தப் பிரிவு ஏறத்தாழ 1,70,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. அந்த உடை தோலாடையாகவே இருந்திருக்கும்.

நூலின் சாட்சி பிற்பட்டது. ஆனால் அதிக வியப்புக்குரியது. பிரான்சு தேசத்தின் தென்பகுதியில் 'அப்ரி து மரா' என்னும் பாறைத் தங்குமிடம் இருக்கிறது. அங்கே நியாண்டர்தால் மனிதர் பயன்படுத்திய ஒரு கற்கருவியில் ஒட்டியிருந்த கயிற்றுத் துணுக்கு 2020-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 6 மில்லிமீட்டர். வயது 40,000 ஆண்டுகளுக்கு மேல். ஊசியிலை மரத்தின் உட்பட்டையிலிருந்து எடுத்த நார் அது. மூன்று இழைகளைத் தனித்தனியே ஒரு பக்கமாக முறுக்கி, பின்பு மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கியிருக்கிறார்கள்.

இதைப் படிக்கும் நெசவாளர் ஒரு கணம் நின்றுவிடுவார். ஒற்றை இழையை முறுக்கிக் கைவிட்டால் அது உடனே பிரிந்துகொள்ளும். எதிர் முறுக்குக் கொடுத்துப் புரி சேர்த்தால், ஒரு முறுக்கு விலகப் பார்க்கும்போது மற்றொன்று இறுகும். இரண்டும் ஒன்றையொன்று தடுத்து நிற்கும். இதை அறிந்துகொள்ள வேண்டுமானால் மரத்தைத் தெரிந்திருக்க வேண்டும். பட்டையை உரிக்கும் பருவம் தெரிந்திருக்க வேண்டும். இழைகளை எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். நியாண்டர்தாலை அரைமிருகம் என்று எழுதிவந்த நூலாசிரியர்கள் ஒரு நாளேனும் கயிறு திரித்துப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார்கள் என்பது நம் எண்ணம்.

அதன் பிறகு சாட்சிகள் பெருகுகின்றன. சைபீரியாவின் டெனிசோவா குகையில் காதுள்ள எலும்பு ஊசி அகப்பட்டது. செக் நாட்டு டோல்னி வெஸ்டோனிசேயில் சுமார் 27,000 ஆண்டுகளுக்கு முன் ஈரக் களிமண்ணின் மீது விழுந்த துணி, தன் பின்னலின் அச்சைப் பதித்துவிட்டு மட்கிப்போயிற்று. களிமண் நெருப்பில் வெந்து அச்சைக் காத்தது. அதில் கயிறும் முடைச்சலும் தெரிகின்றன. வேட்டைக்காரன் ஈட்டியைத் தூக்கிப் பாய்வதாகவே ஆதிமனிதப் படங்களில் வரைவார்கள். நூல் வந்தபின் கண்ணி வந்தது, வலை வந்தது, பை வந்தது, குழந்தையை முதுகில் கட்டிக்கொள்ளும் ஏணை வந்தது. ஈட்டி எறிய வலிமை வேண்டும்; கண்ணி வைக்கக் கிழவரும் சிறுவரும் போதும். அன்றாடச் சோற்றில் பெரும்பங்கைக் கொண்டுவந்தது இவற்றில் எது என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

உதிராத கதிர்

இனி விதைக்கு வருவோம். மேற்காசியாவில் கலிலேயக் கடல் என்று வழங்கும் ஏரியின் நீர் 1989-ல் மிகவும் தாழ்ந்தபோது, கரையோரச் சேற்றில் 23,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட குடிசைகளின் அடித்தளம் வெளிப்பட்டது. அவ்விடத்துக்கு ஓஹாலோ என்று பெயர். காற்றுப் புகாத சேற்றில் கிடந்ததால் காட்டு வாற்கோதுமை, காட்டுக் கோதுமை முதலிய தாவரங்களின் விதைகளும் துணுக்குகளும் பல்லாயிரக்கணக்கில் கிடைத்தன. தானியம் அரைத்த கல்லும் கிடைத்தது. முறுக்கிய நார்த் துண்டுகளும் கிடைத்தன. உழவு பிறப்பதற்குப் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தானியம் உணவாகிவிட்டது என்பதற்கு இது சான்று.

அப்படியானால் உழவை ஏன் மேற்கொண்டார்கள்? காட்டுத் தானியம் போதாமலா? ஜாக் ஹார்லன் என்னும் அமெரிக்கப் பயிரியல் அறிஞர் கிழக்குத் துருக்கியில் தாமே கல் அலகு பதித்த அரிவாளால் காட்டுக் கோதுமையை அறுத்துப் பார்த்தார். அவர் 1967-ல் எழுதியபடி, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ சுத்தமான மணி கிடைத்தது. ஒரு குடும்பம் மூன்று வார காலம் அறுத்தால் ஆண்டு முழுவதும் உண்ணத் தீராத தானியம் சேரும். ஆனால் காட்டுக் கதிரில் ஒரு தொல்லை உண்டு. பழுத்தவுடன் மணி தானாக உதிர்ந்துவிடும். செடிக்கு அது நன்மை, அறுப்பவருக்கு நஷ்டம். ஆயிரம் செடிகளில் ஏதோ ஒன்றிரண்டில் காம்பு உறுதியாக இருந்து மணி உதிராமல் நிற்கும். காட்டில் அச்செடிக்கு வம்சமில்லை. மனிதன் அரிவாளோடு வந்தபோதோ, உதிர்ந்தவை தரையில் கிடக்க, உதிராதவையே களத்துக்கு வந்து சேர்ந்தன. களத்திலிருந்து எடுத்ததையே மறு பருவத்தில் விதைத்தான். இவ்வாறு பருவத்துக்குப் பருவம் உதிராத கதிரின் பங்கு கூடிற்று. இது ஒரே தலைமுறையில் நடந்த காரியமன்று. இரண்டு மூவாயிரம் ஆண்டுகள் பிடித்தன என்று அகழ்வில் கிடைத்த மணிகளே காட்டுகின்றன. எந்த ஒரு மேதையும் உழவைக் கண்டுபிடிக்கவில்லை. நூறு தலைமுறைப் பெண்களும் ஆண்களும் விதை பொறுக்கியதன் பலன் அது.

அதற்குக் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. சிரியாவில் யூப்ரட்டீஸ் ஆற்றங்கரையில் அபு ஹுரைரா என்னும் பழைய கிராமத்தின் எலும்புகளை ஆராய்ந்தபோது, பெண்களின் முழங்கால்களிலும் கால் பெருவிரல்களிலும் முதுகெலும்பிலும் தேய்மானம் தென்பட்டது. மண்டியிட்டு, விரல்களை மடக்கித் தரையில் ஊன்றி, நாள்தோறும் பல மணி நேரம் கல்லில் மாவரைத்ததன் அடையாளம் அது. வேறு பல இடங்களிலும் தொடக்கக் கால உழவரின் பற்களில் சொத்தை மிகுந்தது. உடல் உயரம் குறைந்தது. உணவு பெருகிற்று, உண்பவரும் பெருகினர், பின்பு காட்டுக்குத் திரும்ப வழியில்லை.

உழவு ஓரிடத்தில் பிறந்து உலகெங்கும் பரவியது என்று எண்ணுவது தவறு. சீனத்தில் யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கில் நெல், மெக்சிக்கோவில் மக்காச்சோளம், மேற்காசியாவில் கோதுமை என்று தனித்தனியே அது தோன்றிற்று. தென்னிந்தியாவிலும் அப்படியே. கர்நாடகத்தின் பல்லாரி வட்டாரத்தில் கி.மு. 3000-ஐ ஒட்டி வாழ்ந்த புதிய கற்கால மக்கள் மாடு மேய்த்தார்கள். கொள்ளும் பச்சைப்பயறும் பயிரிட்டார்கள். இப்போது திருப்பத்தூர் மாவட்டத்திலுள்ள பையம்பள்ளியில் 1960-களில் நடந்த அகழாய்விலும் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. மானாவாரிப் புஞ்சையில் கொள்ளு விதைக்கும் நம் அங்கத்தினர், நாலாயிரம் ஐயாயிரம் ஆண்டுத் தொழிலைத் தொடர்கிறார்கள்.

வீட்டுக்கு ஒரு குதிர்

துருக்கியின் கோன்யா சமவெளியில் சாத்தல்ஹூயூக் என்னும் பேரூர் கி.மு. 7100-ஐ ஒட்டித் தோன்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தது. அதில் சில ஆயிரம் பேர் வாழ்ந்தனர். தெருவே கிடையாது, சுவரோடு சுவராக வீடுகள், கூரையின் வழியே ஏணியில் இறங்கவேண்டும். அரண்மனை என்றோ பெருங்களஞ்சியம் என்றோ சொல்லத்தக்க கட்டடம் அகழ்வில் தென்படவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தானியத்துக்குத் தனிக் குதிர் இருந்தது. வீடுகளின் அளவிலும் பெரிய வேற்றுமை இல்லை. இறந்தவரை வீட்டுத் தரையின் கீழேயே புதைத்தார்கள். அப்பிணங்களைச் சுற்றிய துணியின் கருகிய துண்டுகள் 1960-களில் கிடைத்தபோது அது ஆட்டு ரோமமா, ஆளிச்செடியின் நாரா என்று அறிஞர்கள் நெடுநாள் வாதாடினர். 2021-ல் வெளியான சோதனை முடிவு இரண்டையும் தள்ளிவிட்டது. ஆராய்ந்த துணி ஓக் மரப்பட்டையின் நார்! எண்ணாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தத் துணியில் பாவும் ஊடையும் தெளிவாகத் தெரிகின்றன.

பருத்தியின் முதல் சாட்சி நம் துணைக்கண்டத்தைச் சேர்ந்தது. பாகிஸ்தானில் பலூசிஸ்தானத்து மெஹர்கரில், கி.மு. ஆறாவது ஆயிரத்தாண்டைச் சேர்ந்த ஒரு புதைகுழியில் செப்பு மணிகள் கிடைத்தன. மணியைக் கோத்த நூல், செம்பின் களிம்பு ஊறியதால் மட்காமல் உள்ளேயே நிலைத்துவிட்டது. அது பருத்தி நூல் என்று 2002-ல் அறிவித்தனர். மறுபுறம், தென் அமெரிக்காவில் பெரு நாட்டு ஹுவாகா பிரியேதாவில் ஏறத்தாழ 6,000 ஆண்டுப் பழமையான, அவுரி நீலம் தோய்ந்த பருத்தித் துணி அகப்பட்டது. இரு கண்டத்தாரும் ஒருவரையொருவர் அறியாமலே பஞ்சை நூலாக்கினர். நம் கரிசல் நிலத்துக் கருங்கண்ணிப் பருத்தி பழைய உலகத்து இனம். கம்போடியா என்று நாம் வழங்கும் பருத்தியோ மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட புதிய உலகத்து இனம். இரண்டையும் பயிரிட்ட உழவர்கள், இரண்டு கண்டங்களின் வரலாற்றையும் அடுத்தடுத்த வயல்களில் வைத்திருந்தார்கள்.

களஞ்சியமும் கணக்கும்

நகரம் என்பது பெரிய கிராமமன்று. வீட்டுக்கு ஒரு குதிர் என்ற நிலை மாறி, ஊருக்கு ஒரு களஞ்சியம் என்று ஆனதே அதன் பிறப்பு. இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் உருக் என்னும் ஊர் கி.மு. நாலாவது ஆயிரத்தாண்டில் உலகின் முதல் பெருநகரங்களில் ஒன்றாக வளர்ந்தது. உழவர் விளைத்த வாற்கோதுமையும் ஆட்டு ரோமமும் கோயிற் களஞ்சியத்தைச் சென்று சேர்ந்தன. அங்கிருந்து உழைப்போருக்குப் படியாக அளந்து தரப்பட்டன. அச்சில் அழுத்திச் செய்த முரட்டு மண்கிண்ணங்கள் அக்கால இடிபாடுகளில் எண்ணிலடங்காமல் கிடக்கின்றன. படியளந்த கிண்ணங்கள் அவை என்றே பெரும்பாலான அறிஞர் கருதுகின்றனர்.

வந்ததையும் போனதையும் எப்படி நினைவில் வைப்பது? ஆட்டுக்கு ஒரு வடிவம், தானிய அளவுக்கு ஒரு வடிவம் எனச் சிறு களிமண் வில்லைகள் முன்பே வழக்கில் இருந்தன. பிற்பாடு அவ்வில்லைகளை ஒரு களிமண் உருண்டைக்குள் இட்டு மூடி, மேலே முத்திரை வைத்தார்கள். தகராறு எழுந்தால் உருண்டையை உடைத்து எண்ணிப் பார்க்கலாம். இடையில் எவரும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பின்னர் வில்லையின் அச்சை உருண்டையின் வெளிப்புறத்திலேயே பதித்தார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிட்டால் உள்ளீடு எதற்கு? களிமண் ஏட்டில் குறியும் எண்ணும் பதிப்பதே போதும் என்றாயிற்று. கி.மு. 3300-ஐ ஒட்டித் தோன்றிய முதல் எழுத்து ஏடுகளில் மிகப் பெரும்பகுதி களஞ்சியக் கணக்கே. காவியமும் துதிப்பாடலும் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவை. அந்த ஏடுகளில் 'உண்' என்பதற்குரிய குறி, ஒரு தலையும் அதன் வாயருகே ஒரு கிண்ணமும்.

கணக்கு யார் கையில் இருந்ததோ, உழைப்பின் பலனும் அவர் கையிலேயே இருந்தது. ஊர் நகரத்து மூன்றாம் வம்சத்தார் கி.மு. 2112 முதல் 2004 வரை ஆண்டபோது, அரசின் நெசவுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்தனர். மாதப் படி, பொதுவாக ஆணுக்கு 60 சிலா வாற்கோதுமை, பெண்ணுக்கு 30. ஒரு சிலா என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர். தாயோடு கூடத்தில் இருந்த குழந்தைகளுக்கு அதனினும் குறைவு. ஆண்டுக்கொரு முறை ரோமமோ துணியோ கொடுக்கப்பட்டது. ரோமம் பறித்தல், நூற்றல், நெய்தல் ஒவ்வொன்றுக்கும் ஆள்நாள் கணக்கு உண்டு. துணிக்கு அரசர் தரம் முதல் சாதாரணம் வரை தரவரிசை உண்டு. பெயர்ப்பட்டியலில் சில பெயர்களின் பக்கத்தில் 'இறந்தாள்' என்றும், சிலவற்றின் பக்கத்தில் 'ஓடிப்போனாள்' என்றும் குறித்திருக்கிறார்கள். கூடத்தில் நெய்த துணிக்கு வெளியில் என்ன விலை போயிற்று என்பது நெய்தவளின் கணக்கில் வரவேயில்லை.

எல்லா நகரமும் ஒரே மாதிரி இருந்ததில்லை. கி.மு. 2500-ஐ ஒட்டிச் செழித்த மொகஞ்சதாரோவில் செங்கல் வீடுகளும் கழிவுநீர்க் கால்வாய்களும் ஒழுங்கான எடைக்கற்களும் உண்டு. அரசனுடையது என்று உறுதியாகச் சொல்லத்தக்க மாளிகை கிடைக்கவில்லை. 1920-களில் அங்கே ஒரு வெள்ளிக் கலத்தில் ஒட்டியிருந்த பருத்தித் துணி அகப்பட்டது. மஞ்சட்டி வேரின் சிவப்புச் சாயம் தோய்த்த துணியும் அங்கே கிடைத்திருக்கிறது.

மெசப்பொத்தேமியாவிலேயே ஊர் வம்சம் வீழ்ந்து ஒரு நூற்றாண்டு கழிந்தபின் வேறொரு முறையும் காணப்படுகிறது. டைக்ரிஸ் கரையிலிருந்த அசூர் நகரத்துப் பெண்கள் தம் வீட்டிலேயே தறி போட்டு நெய்தார்கள். அத்துணிகளைக் கழுதைகள் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் சுமந்து, துருக்கியில் கானேஷ் என்னும் சந்தைக்குக் கொண்டு சென்றன. விற்ற விலை வெள்ளியாக அப்பெண்களுக்குத் திரும்பி வந்தது. கானேஷ் இடிபாடுகளில் கிடைத்த இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட களிமண் ஏடுகளில் இவர்களுடைய கடிதங்களும் உள்ளன. ஒரு வியாபாரி, துணி ஒன்பது முழ நீளமும் எட்டு முழ அகலமும் இருக்க வேண்டும், நெசவு நெருக்கமாக வேண்டும், ஒரு பக்கம் மட்டும் சீவிவிட வேண்டும், ரோமம் முன்னைவிடக் கூடுதலாகச் சேர்த்தாலும் துணி மெல்லியதாகவே இருக்க வேண்டும் என்று எழுதுகிறான். இக்காலத்து ஜவுளிக் கொள்முதல்காரர் எழுதுவதற்கும் அதற்கும் அதிக வேற்றுமை இல்லை!

லமஸ்ஸி என்பவள் கானேஷிலிருந்த தன் கணவன் பூஷு-கென்னுக்கு எழுதிய கடிதம் வேறு விதமானது. நீங்கள் கேட்ட துணிகளை அனுப்பவில்லை என்று கோபம் கொள்ள வேண்டாம் என்கிறாள். மகள் வளர்ந்துவிட்டாள், வண்டிக்குக் கனத்த துணி இரண்டு நெய்ய வேண்டியிருந்தது, வீட்டு ஆட்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேறு நெய்தேன், என்னால் முடிந்ததை அடுத்துப் புறப்படும் கழுதைகளில் ஏற்றி விடுகிறேன் என்று எழுதியிருக்கிறாள்.